நிழற்கடன்: கார் ரேடியேட்டரில் சருகு சேர்தல் குறித்த ஓர் ஆராய்ச்சி

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

கார் ரேடியேட்டரில் சருகு சேர்தல் என்னும் நிகழ்வு, மரத்தடியில் வண்டி நிறுத்துவோர் அனைவருக்கும் வாய்ப்பதாக இருந்தும், அவர்களுள் பெரும்பாலோர் அதை அறியாமலேயே வண்டியை விற்றுவிடுவதால், எந்த அறிவுத்துறையும் உரிமை கொண்டாடாமல் கிடக்கும் பொருளாகும். தாவரவியலார் இலை காம்பை விட்டுப் பிரியும் கணத்தோடு தம் கடமை முடிந்ததாகக் கருதுகின்றனர்; பொறியியலாரோ காற்று காரின் முகப்பை வந்தடையும் கணத்திலிருந்தே தம் கணக்கைத் தொடங்குகின்றனர். இவ்விரு கணங்களுக்கும் இடையே இலை மேற்கொள்ளும் பயணம் எவருடைய பாடத்திட்டத்திலும் இடம்பெறவில்லை. அப்பயணத்தின் முடிவைக் கண்ணாரக் காண்பவர் மெக்கானிக் ஒருவரே. எனினும் அவர் தாம் கண்டதை நூலாக எழுதுவதில்லை, பில்லாக மட்டுமே எழுதுகிறார்.

இவ்வாய்வு நிறுவ முற்படும் கருத்து ஒன்றே. காரைக் குளிர வைக்கும் என்று நாடப்படும் நிழலும், அதே காரைச் சூடேற்றும் சருகும் ஒரே மரத்தின் ஈவுகள் ஆதலால், ஒன்றை ஏற்று மற்றதை மறுக்க வழியில்லை; நிழலைத் துய்த்தவர் அதற்குரிய கடனை இலையாகச் செலுத்தியே தீர வேண்டும். அக்கடனை எப்போது, எவ்வளவு, யார் கையால் செலுத்துவது என்பதே ஆராயத்தக்கது.

எல்லை குறித்து ஒரு விளக்கம் தேவை. முன்கண்ணாடியின் அடியில் வைப்பர்கள் படுத்திருக்கும் பள்ளத்தில் சேரும் சருகு, பார்வைக்கு முதலில் படுவதால் பலராலும் பெரிதாகப் பேசப்படினும், ரேடியேட்டரோடு உறவுமுறை இல்லாதது. நீர் வடியும் துளையை அடைத்து, மழைக்காலத்தில் காருக்குள் கால் வைக்கும் இடத்தை நனைப்பது அதன் தனிக்குற்றம். பானெட்டுக்குள் எலியும் அணிலும் நார், பஞ்சு ஆகியவற்றைச் சுமந்துவந்து கட்டும் கூடோ உயிரினக் குடியேற்றம் என்னும் பெரும்பொருளுள் அடங்குவது. இவ்விரண்டும் இங்கு விலக்கப்பட்டன.

2. ரேடியேட்டரின் இயல்பு

எஞ்சினில் எரியும் எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே வண்டியை நகர்த்தும் வேலையாகிறது. ஏறக்குறைய அதே அளவு புகைக்குழாய் வழியே சூடாகவே வெளியேறுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதியை எஞ்சினைச் சுற்றி ஓடும் கூலன்ட், அதாவது நீரும் எத்திலீன் கிளைக்காலும் கலந்த வண்ணநீர், ஏந்திக்கொண்டு முகப்பில் உள்ள ரேடியேட்டருக்கு வந்து காற்றிடம் ஒப்படைக்கிறது. உரிமையாளர் பெட்ரோலுக்குக் கொடுக்கும் பணத்தில் கணிசமான பகுதி ஊர்க்காற்றைச் சூடாக்கவே செலவாகிறது என்பதும், அச்செலவு தடையின்றி நடந்தால்தான் வண்டி ஓடும் என்பதும் இத்துறையின் முதல் உண்மைகள்.

ரேடியேட்டர் என்பது கூலன்ட் ஓடும் தட்டையான குழாய்களும், அவற்றுக்கு இடையே மடித்து மடித்துப் பொருத்திய அலுமினியத் தகடுகளும் கொண்ட பலகை. தகட்டின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே. மடிப்புகளுக்கு இடைப்பட்ட வெளி ஓரிரு மில்லிமீட்டர். இந்த நுண்ணிய இடைவெளிகளின் வழியே காற்று புகுந்து வெளியேறுவதே குளிர்வித்தல் எனப்படுகிறது. வழக்கமான ஓட்டத்தில் கூலன்ட்டின் வெப்பநிலை 90 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கும். மூடி அழுத்தம் தாங்கும் வகையினதாதலின், உள்ளே வெளிக்காற்றைக் காட்டிலும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுதலாக இருக்கும். அந்நிலையில் வெறும் நீர்கூட 120 டிகிரியை ஒட்டியே கொதிக்கும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கக் கூடாது என்ற விதி இதிலிருந்தே பிறந்தது: திறந்த கணத்தில் அழுத்தம் விலக, அதுவரை அடங்கியிருந்த நீர் ஒருசேரக் கொதித்துத் திறந்தவர் முகத்தில் பாயும்.

இந்நுண்மை தொடக்கத்தில் இருந்ததன்று. 1886இல் காப்புரிமை பெற்ற கார்ல் பென்ஸின் மூன்று சக்கர வண்டியில் நீர் கொதித்து ஆவியாகிப் போக, போனதை மீண்டும் ஊற்றிக்கொள்வதே முறை. அதில் சருகு சிக்குவதற்கான தகடே இல்லாமையால், இவ்வாய்வின் நோக்கில் அதனை மாசற்ற பொற்காலம் எனலாம். 1900ஆம் ஆண்டின் இறுதியில், டைம்லர் நிறுவனத்தில் வில்ஹெல்ம் மேபாக் வடிவமைத்த மெர்சிடிஸ் 35 பி.எஸ். என்னும் கார், தேன்கூட்டு ரேடியேட்டரோடு வெளிவந்தது. அதில் 6 மில்லிமீட்டர் சதுர வாயுடைய 8,070 சிறு குழல்கள் அடுக்கப்பட்டிருந்தன. குளிர்விக்கும் நீரின் அளவை வெகுவாகக் குறைத்ததற்காக உலகம் மேபாக்கைப் போற்றுகிறது. ஒரு வேப்பிலை விரித்த நிலையில் நுழைய முடியாத 8,070 வாயில்களை ஒரே இடத்தில் திரட்டி, சருகுக்கு நிலையான முகவரி அளித்தவரும் அவரே என்பதை வரலாற்று நூல்கள் குறிப்பதில்லை.

இக்காலக் காரில் சிக்கல் இரட்டிப்பாகியுள்ளது. முகப்பிலிருந்து உள்நோக்கிச் சென்றால் முதலில் கிரில், அடுத்து ஏசியின் கன்டென்சர், அதையடுத்து ரேடியேட்டர், கடைசியில் ஃபேன் என்பதே பெரும்பாலான வண்டிகளின் வரிசை. கன்டென்சர் என்பதும் ரேடியேட்டரைப் போன்ற மெல்லிய தகட்டுப் பலகையே. காருக்குள்ளிருந்து ஏசி அள்ளிவந்த வெப்பத்தை வெளிக்காற்றில் கொட்டுவது அதன் பணி. இவ்விரு பலகைகளுக்கும் இடையே விரல் நுழையத் தயங்கும் ஒரு சந்து உண்டு. பக்கவாட்டிலும் அடியிலும் உள்ள சிறு வழிகளால் சருகு அச்சந்துக்குள் இறங்கும். இறங்கியது முன்னிருந்தும் தெரியாது, பின்னிருந்தும் தெரியாது.

3. குப்பையின் வகைப்பாடு

ரேடியேட்டரை நாடிவரும் பொருள்களைத் தாவரக் குடும்பத்தால் பிரிப்பது மரபாயினும், கிரிலின் கண்ணுக்கும் தகட்டின் இடைவெளிக்கும் அவை எவ்வாறு அமைகின்றன என்பதைக் கொண்டு பிரிப்பதே பயனுடைத்து. அவ்வகையில் குப்பை அறுவகைப்படும்.

முதலாவது, தங்கா இலை. நாட்டு வாதுமை, தேக்கு, ஆல், அரசு ஆகியவற்றின் இலை கிரிலின் கண்ணைவிடப் பெரிது. ஓடும் வேகத்தில் காற்றழுத்தத்தால் கிரிலோடு ஒட்டிக்கொள்ளும்; சிக்னலில் வண்டி நின்றதும் பிடி தளர்ந்து உதிரும். அச்சமூட்டும் தோற்றமும் தீங்கற்ற குணமும் உடையது இவ்வகை.

இரண்டாவது, தங்கும் இலை. வேம்பு, புங்கை ஆகியவை இதன் தலைமைச் சான்றுகள். பச்சை வேப்பிலை கிரிலுக்குள் நுழைய அகலம் தடையாகலாம்; காய்ந்தபின் அது நீளவாக்கில் சுருண்டு குச்சி போலாகிவிடுவதால், எத்தகைய கண்ணிலும் நுனி முன்னாக நுழைந்துவிடும். நுழைந்தபின் தகட்டைக் கடக்க இயலாது. திரும்பி வரவும் காற்று விடாது. ஆகவே அடிவிளிம்புக்குச் சரிந்து அங்கேயே குடியேறுகிறது. பின்னால் வருவன அதன்மேல் அமர்கின்றன. அடைப்பு கீழிருந்து மேலாக வளர்வதற்கு இதுவே காரணம்.

மூன்றாவது, படியும் இலை. புளி, தூங்குமூஞ்சி, மயிற்கொன்றை ஆகியவற்றின் சிற்றிலைகள் மிகச் சிறியன. மயிற்கொன்றையின் ஒரு கூட்டிலையிலேயே சிற்றிலைகள் நூற்றுக்கணக்கில் உண்டு. இவை தகட்டின் முகத்திலேயே அப்பிக்கொண்டு, சாலைத் தூசியோடும் மழைநீரோடும் கலந்து, காய்ந்தபின் பூச்சுவேலை செய்த சுவரின் உறுதியை எய்துகின்றன.

நான்காவது, பஞ்சு. எருக்கின் விதைப்பஞ்சும் இலவம்பஞ்சும் கோடையில் காற்றில் மிதந்துவந்து தகட்டின்மேல் மெல்லிய போர்வையாகப் படியும். இது தானாக அடைப்பதைக் காட்டிலும், பிறவற்றைப் பிடித்து வைக்கும் பணியால் பெருந்தீங்கு செய்கிறது.

ஐந்தாவது, உயிர்க்குப்பை. மழை ஓய்ந்த மாலையில் புற்றிலிருந்து புறப்படும் ஈசல், ஹெட்லைட்டின் ஒளியை நோக்கி வந்து, ஒளியை அடையாமல் அதன் கீழுள்ள காற்றுவாயை அடைகிறது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் மே, செப்டம்பர் மாதங்களில் இணையிணையாகப் பறக்கும் லவ்பக் என்னும் பூச்சி ரேடியேட்டர்களை அடைத்து வண்டிகளைச் சூடேற்றுவது பெயர்பெற்ற தொல்லை. அங்கும் இங்கும் பூச்சியின் நோக்கம் இல்லறமே என்பதும், குறுக்கே வந்தது கார் என்பதும் ஒப்பீட்டு ஆய்வில் கவனத்துக்குரியவை.

ஆறாவது, நெகிழிப்பை. 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களுக்குத் தடை விதித்தது. பைகளுள் பல அத்தடையை அறியாமல் இன்றும் சாலையைக் கடக்கின்றன. ஆயிரம் வேப்பிலைகள் ஓராண்டில் செய்யும் வேலையை ஒரு பை ஒரு நொடியில் செய்துமுடிக்கும். ஆயினும் அது கண்ணுக்குத் தெரிவதும் ஒரே இழுப்பில் வந்துவிடுவதும் அதன் நற்பண்புகள்.

இவை ஆறும் தனித்தனியே வாழ்வதில்லை. சில ஆண்டுகள் வேம்பின் கீழ் நின்ற காரின் பம்பர் வாய்வழியே டார்ச் அடித்துப் பார்த்தால், கன்டென்சரின் அடிவிளிம்பில் ஓர் அங்குல உயரத்துக்குச் சருகு வரிசை தெரியும்: கீழே மக்கிக் கறுத்தவை, நடுவில் இலை உதிர்ந்து காம்பு மட்டும் எஞ்சியவை, மேலே இவ்வாண்டின் பழுப்பு. இடையிடையே ஈசல் சிறகுகள், ஷாம்பு பாக்கெட்டின் கிழித்த மூலை, பொட்டலம் கட்டிய நூலின் ஒரு முழம் ஆகியவையும் காணப்படும். கீழது பழையது, மேலது புதியது என்னும் அகழாய்வின் விதி இங்கும் வழுவாமல் செல்லுபடியாகிறது.

4. நுழைவு நெறி

நிறுத்திய காரின் பானெட்டின்மேல் உதிரும் இலையே ரேடியேட்டரைச் சேர்கிறது என்பாரும் உளர், அது பொருந்தாது. ரேடியேட்டர் செங்குத்தாக, பானெட்டின் மூடிக்கு உள்ளே நிற்பதால் மேலிருந்து விழும் இலைக்கு அங்கு நேர்வழி இல்லை. அவ்விலை வண்டி கிளம்பியதும் முன்கண்ணாடியின் மீது ஏறி வைப்பர் பள்ளத்துக்கோ பின்வரும் வண்டிக்கோ செல்கிறது. உண்மையான நுழைவு தரைவழியே நிகழ்கிறது. தெருவில் கிடக்கும் சருகை முன்செல்லும் வண்டி கிளப்பிவிட, அது முழங்கால் உயரத்துக்கு எழுந்து சுழலும் வேளையில், பின்வரும் காரின் பம்பருக்குக் கீழே திறந்திருக்கும் அகன்ற காற்றுவாய் அதனை ஏற்கிறது. ஆகவே ஒருவருடைய ரேடியேட்டரில் உள்ள சருகு பெரும்பாலும் மற்றொருவர் கிளப்பியது. இதனால் இழப்பீடு கோருவதில் தீராத சட்டச் சிக்கல் உண்டாகிறது.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இரண்டாவது வழி ஒன்றும் உண்டு. காலையில் பெருக்குபவர் சேர்த்த சருகை அள்ளும்வரை வைக்க ஓர் இடம் வேண்டும்; காற்றில் கலையாததும், யார் காலிலும் படாததும், கண்ணுக்கு எட்டாததும் ஆகிய மூன்று தகுதிகளும் நிறுத்திய காரின் முன்பக்க அடிப்பகுதிக்கே முழுமையாக உண்டு. குவியல் அங்கு தள்ளப்படுகிறது. உரிமையாளர் வந்து வண்டியைக் கிளப்பி, ஏசியைப் போட்டுவிட்டு, செல்பேசியில் பேச்சை முடிக்கும்வரை ஃபேன் சுழன்றுகொண்டிருக்கிறது. இலேசான சருகை மேலிழுத்துக்கொள்ள அப்பேச்சின் நீளம் போதுமானது.

மூன்றாவது வழி கிராமத்துச் சாலைகளுக்கு உரியது. களம் இல்லாத உழவர்கள் கொள்ளு, கேழ்வரகு, உளுந்து முதலியவற்றின் கதிரையும் செடியையும் தார்ச்சாலையில் பரப்பி, போகிற வண்டிகளின் சக்கரத்தால் அடித்துக்கொள்ளும் வழக்கம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அறுவடைக் காலத்தில் காணத்தக்கது. இதில் காரோட்டி கூலியில்லாத தாம்பு மாடாகப் பணியாற்றுகிறார். அவருக்குரிய பங்கு தாளும் சொங்குமாக ரேடியேட்டரில் அளந்து கொட்டப்படுகிறது. அப்பரப்பின்மீது வேகமாகவோ நெடுந்தொலைவோ ஓட்டினால் தாள் அச்சிலும் சுற்றிக்கொள்ளும். சூடான புகைக்குழாயை அது தொட்டால் தீப்பற்றவும் கூடும். ஆதலால் இவ்வழியை நகைச்சுவையாக மட்டும் கருதலாகாது.

5. வலிந்த இலையீடு

இதுவரை கூறியவை உரிமையாளரின் விருப்பமின்றி நிகழ்பவை. விரும்பியே இலை சேர்க்கும் வழக்கமும் ஒன்றுண்டு. ஆயுத பூஜையன்று கார் கழுவப்பட்டு, சந்தனமும் குங்குமமும் இடப்பட்டு, முகப்பின் இருபுறமும் வாழைக்கன்று கட்டப்பட்டு, கிரிலின் குறுக்கே மாவிலையும் சாமந்தி மாலையும் சாத்தப்படுகின்றன. காற்று புகவேண்டிய ஒரே வாயை, அந்த வாய்க்குப் பின்னுள்ள கருவியின் நலம் வேண்டியே, இலையாலும் பூவாலும் மூடுகிற இச்சடங்கைக் குறைகூறுவது இவ்வாய்வின் நோக்கமன்று. பூசை முடிந்து, எலுமிச்சம்பழத்தின்மேல் ஏற்றி, தெருவை ஒருமுறை சுற்றிவருவதற்குள் எந்த எஞ்சினும் கொதிப்பதில்லை. தீங்கு மறுநாளிலிருந்தே தொடங்குகிறது. மாலையைக் கழற்றுவது எவர் பொறுப்பு என்பது வகுக்கப்படாமையால், அது தானாக உதிரும்வரை விடப்படுகிறது. சாமந்தி இதழ்கள் ஒவ்வொன்றாக உள்ளே செல்ல, கடைசியில் கிரிலில் நூல் மட்டும் எஞ்சி நிற்கிறது. மணமக்கள் ஏறிச்செல்லும் காரின் நிலையும் இதுவே. ஆயினும் அது பெரும்பாலும் வாடகை வண்டியாதலின், அதன் ரேடியேட்டரைப் பற்றி அன்று கவலைப்படுவோர் எவருமிலர்.

6. காலமும் அறிகுறியும்

வேம்பும் புங்கையும் மாசி, பங்குனி மாதங்களில் பழைய இலையைப் பெருமளவு உதிர்க்கின்றன. அக்னி நட்சத்திரம் சித்திரையின் பிற்பகுதியில் தொடங்குகிறது. ரேடியேட்டருக்கு ஆண்டிலேயே மிகக் கடினமான நாள்கள் வருவதற்குச் சில வாரங்கள் முன்னரே மரம் அதனை அடைத்து முடித்துவிடுகிறது என்பது இதனால் பெறப்படும். அதே மரம் சித்திரைக்குள் புதுத்தளிர் விட்டுத் தழைத்து, முன்னினும் அடர்ந்த நிழலைத் தருவதால், வெயிலுக்கு அஞ்சிய காரோட்டி மீண்டும் அதனடியிலேயே வண்டியை நிறுத்துகிறார். கடன் கொடுத்தவரிடமே மறுகடன் வாங்கும் இந்நிலையை நிழற்கடன் என இவ்வாய்வு குறிக்கிறது.

அடைப்பின் முதல் அறிகுறி எஞ்சினில் தோன்றுவதில்லை, ஏசியில் தோன்றுகிறது. கன்டென்சர் முன்னே நிற்பதால் முதல் அடி அதற்கே விழுகிறது. வண்டி ஓடும்போது குளிர்ச்சி வரும். சிக்னலில் நின்றால் குறையும். இந்நிலையில் உரிமையாளர் ஏசி மெக்கானிக்கை நாடுகிறார். அவர் வெண்ட்டின்முன் கையை வைத்துப் பார்த்து, கேஸ் குறைந்திருக்கும் என்கிறார். கேஸ் அடிக்கப்படுகிறது. சருகு அங்கேயே இருக்கிறது. குளிர்ச்சி மீண்டதாக உரிமையாளர் இரண்டு வாரம் நம்புகிறார். அந்நம்பிக்கைக்குக் காரணம் செலவழித்த தொகை என்பதன்றி வேறு விளக்கம் கிடைக்கவில்லை.

இரண்டாவது அறிகுறி மலைப்பாதையில் வெளிப்படும். சமவெளியில் வேகமே காற்றைக் கொண்டுவந்து தருகிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் முதல், இரண்டாம் கியரில் ஏறும் வண்டிக்கு எஞ்சினின் உழைப்பு மிகுந்தும் காற்றின் வரவு குறைந்தும் இருப்பதால், பாதி அடைபட்ட ரேடியேட்டரின் உண்மைத் தகுதி அங்கே அம்பலமாகிறது. முள் சிவப்பை நோக்கி ஏறும்போது ஏசியை அணைத்து, ஓரமாக நிறுத்தி, எஞ்சின் ஆறும்வரை காத்திருப்பதே அறிவுடைமை. இன்னும் நான்கு வளைவுதானே என்று ஓட்டுவோர், சிலிண்டர் ஹெட் வளைந்து ஹெட் கேஸ்கட் போகும் நிலையை எட்டுகின்றனர்.

7. தடுப்பு நெறிகளும் அவற்றின் மறுப்பும்

மரத்தை வெட்டிவிடலாம் என்பது ஒரு கொள்கை. இது நோயைத் தீர்ப்பதற்கு ஊரையே காலிசெய்வதாகும்; அன்றியும் வெட்டியபின் அங்கு நிழலும் இராதாகையால், அவ்விடத்தில் வண்டி நிறுத்தும் காரணமே அற்றுப்போகிறது. நிழலைத் துறந்து வெயிலில் நிறுத்தலாம் என்பது மற்றொன்று. இது ரேடியேட்டரின் நோக்கில் குற்றமற்றதேனும், பிற்பகல் இரண்டு மணிக்கு ஸ்டீயரிங்கைக் கைக்குட்டையால் பிடித்து ஓட்டவேண்டிய துறவு எல்லோர்க்கும் இயல்வதன்று. துணியுறை போட்டு மூடலாம் என்போர், நுழைவு ஓட்டத்தின்போதே நிகழ்கிறது என்னும் மேற்கூறிய முடிபை மறந்தவராவர்.

இவற்றுள் பெருவழக்குடையது வலைக்கொள்கை: கிரிலுக்கும் பம்பர் வாய்க்கும் பின்னால் கம்பிவலையோ கொசுவலையோ கட்டிவிட்டால் சருகு நின்றுவிடும் என்பது அதன் சாரம். இதனைக் கணக்கால் சோதிக்கலாம். கம்பியின் கனம் 1 மில்லிமீட்டர், கண்ணின் அகலம் 5 மில்லிமீட்டர் எனக் கொண்டால், ஒவ்வொரு 6 மில்லிமீட்டர் சதுரத்திலும் திறந்திருப்பது 5 மில்லிமீட்டர் சதுரமே. அதாவது 36இல் 25 பங்கு, ஏறக்குறைய 69 விழுக்காடு. ஓர் இலையும் வந்து விழுவதற்கு முன்னரே காற்றுவழியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை வலை தானே எடுத்துக்கொண்டது. கால் மில்லிமீட்டர் கம்பியும் ஒன்றேகால் மில்லிமீட்டர் கண்ணும் உடைய கொசுவலைக்கும் இதே 69 விழுக்காடுதான். ஆயினும் அதன் கண்ணை அடைக்க இலை தேவையில்லை, தூசியே போதும். கண்ணை 12 மில்லிமீட்டராக அகட்டினால் திறப்பு 85 விழுக்காடாக உயர்கிறது. ஆனால் சுருண்ட வேப்பிலை அதனுள் தடையின்றிச் செல்கிறது. காற்றை விடும் கண் சருகையும் விடுகிறது. சருகைத் தடுக்கும் கண் காற்றையும் தடுக்கிறது. இதற்கு நடுவே பொற்கண் ஒன்று உண்டென நம்பி உதிரிபாகக் கடைகளில் தேடுவோர் இன்றும் உளர்.

எனினும் வலையை முற்றாக விலக்குதல் நேர்மையாகாது. ஆஸ்திரேலியாவின் உட்பகுதிப் பாலைச் சாலைகளில் ஸ்பினிஃபெக்ஸ் என்னும் புல்லின் விதைகள் ரேடியேட்டரை மெழுகியதுபோல் அடைப்பதால், பயணிகள் முகப்பில் விதைவலை கட்டிச் செல்கின்றனர். ஆனால் அவ்வப்போது நிறுத்தி அதனைத் தட்டிவிடுவதும் அவர்களின் வழக்கம். நெல் அறுவடை இயந்திரங்கள் சிலவற்றில் ரேடியேட்டரின் முன்னே சுழலும் சல்லடை உண்டு. படியும் சொங்கை உறிஞ்சி அகற்றும் ஏற்பாடும் அதனோடு சேர்ந்தது. சில டிராக்டர்களில் ஃபேனே சிறிது நேரம் எதிர்த்திசையில் காற்றை ஊதி, சேர்ந்ததை வெளியே தள்ளுகிறது. இம்மூன்றிலும் பொதுவானது வலை அன்று, சேர்ந்ததை அகற்றுவதற்கான ஏற்பாடே. வலை சருகைத் தடுப்பதில்லை. அது சேரும் இடத்தைக் காணமுடியாத சந்திலிருந்து காணக்கூடிய முகப்புக்கு மாற்றித் தருகிறது. ஆகவே பார்ப்பவருக்கு அது உதவி. வலை கட்டியாயிற்று என்று பார்ப்பதையே விட்டவருக்கு அது இரண்டாவது அடைப்பு.

மின்சாரக் கார் வந்தால் இச்சிக்கல் ஒழியும் என்பதும் பொருந்தாது. பேட்டரியையும் மோட்டாரையும் நீர்மத்தால் குளிர்விக்கும் வண்டிகளில் ரேடியேட்டர் உண்டு, ஏசிக்குக் கன்டென்சரும் உண்டு. கிரில் மூடப்பட்டுப் பளபளப்பாக இருப்பினும், பம்பரின் கீழ்வாய் திறந்தே இருக்கிறது. சருகு எப்போதும் கீழ்வாய் வழியே வந்ததேயன்றி, கிரிலின் அழகை நம்பி வந்ததில்லை.

8. தூய்மை முறை

எஞ்சியது கைக்கொள்கை ஒன்றே. எஞ்சின் முற்றும் ஆறியபின், சாவியை எடுத்துவிட்டே கை வைக்க வேண்டும்; சில வண்டிகளில் எஞ்சினை அணைத்த பிறகும் ஃபேன் தானாகச் சுழலத் தொடங்கும். முதலில் பம்பர் வாய்வழியே டார்ச் அடித்து அடிவிளிம்பைப் பார்த்தல், அடுத்து எட்டும் சருகைக் கையாலோ மென்மயிர்த் தூரிகையாலோ எடுத்தல், பின்னர் பானெட்டைத் திறந்து, எஞ்சின் பக்கத்திலிருந்து முகப்பு நோக்கி, அதாவது சருகு வந்த வழிக்கு எதிர்த்திசையில், மிதமான காற்றையோ தோட்டக்குழாயின் நீரையோ செலுத்துதல், இதுவே முறை. வாட்டர் சர்வீஸ் கடையில் பீய்ச்சுகுழலை முகப்பிலிருந்து நெருக்கமாகப் பிடித்து அடித்தால், சருகு மேலும் உள்ளே செல்வதோடு மெல்லிய தகடுகளும் சாய்ந்து படுத்துவிடும். படுத்த தகடு, சருகே இல்லாத நிலையான அடைப்பு. இரு பலகைகளுக்கும் இடைப்பட்ட சந்து நிரம்பியிருந்தால் பம்பரைக் கழற்ற வேண்டிவரும். அது மெக்கானிக்கின் வேலை, அதில் உரிமையாளர் துணிவு காட்டலாகாது.

9. முடிபுகள்

மேற்கண்டவற்றால் பெறப்படுவன மூன்று. ஒன்று: ரேடியேட்டருக்குள் சருகு நுழையாமல் காப்பது இயலாது, நுழைந்ததை நெடுநாள் தங்கவிடாமல் காப்பதே இயலும். இரண்டு: அதற்கு உரிய நாள்கள் ஆண்டில் இரண்டு. பங்குனி முடிவில், இலையுதிர்வு ஓய்ந்து கத்திரி வெயில் தொடங்குமுன் ஒரு நாள். ஆயுத பூஜைக்கு மறுநாள், மாலையைக் கழற்றும் கையோடு மற்றொரு நாள். கதிர் பரப்பிய சாலையில் சென்றுவந்தவர்க்கு அன்றே ஒரு நாள் கூடுதல். மூன்று: இப்பணிக்கு டார்ச் ஒன்றும், தூரிகை ஒன்றும், குனியக்கூடிய முதுகு ஒன்றும் போதும், இவற்றுள் முதல் இரண்டே கடைகளில் கிடைக்கின்றன.

மூன்றாவதே அரிது என்பதால்தான் வலை விற்கிறது, கேஸ் விற்கிறது, ஹெட் கேஸ்கட்டும் விற்கிறது. நிழற்கடன் யாருக்கும் தள்ளுபடி ஆவதில்லை. குனிபவர் அதனை அரை மணி நேரத்தில் அடைக்கிறார். குனியாதவருக்கு அது வட்டியோடு சேர்ந்து, கொல்லிமலையின் ஏதோ ஒரு வளைவில், ஒரே தவணையாக வசூலிக்கப்படுகிறது.